கைநாட்டும் வெளியுறவும்

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அன்றே ஆறு மாதக் கெடு ஒன்றும் ஓடத் தொடங்கியது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய இடங்களில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால், அதை அந்த ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காதவர்கள் இந்தியக் குடிமக்கள். இந்தியாவுக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு விதி நேர்மாறு. அவர்கள் சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரர். இந்தியராக வேண்டுமென்றால்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

என் தாத்தாவும் அவருடைய அண்ணனும் முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். அண்ணன் சொல்தா. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் போய், பிறகு பிரான்சிலேயே தங்கிவிட்டவர். தம்பி, அதாவது என் தாத்தா, கடைசிவரை தறியில் உட்கார்ந்தவர். இரண்டு பேருமே அந்த ஆறு மாதத்தில் எந்தத் தாளையும் தொடவில்லை. அண்ணன் பிரெஞ்சுக்காரராகவே இருந்தார், தம்பி இந்தியரானார். தாத்தா இந்தியராக இருந்ததில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தன் முன்னால் ஒரு கேள்வி வைக்கப்பட்டிருந்தது, அதற்கு ஒரு கெடு இருந்தது, அந்தக் கெடு முடிந்தும் போயிற்று என்பதை அவர் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டார். அவர் கைநாட்டு. புதுதில்லியில் 1956 மே 28 அன்று நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஒஸ்ட்ரோராக்கும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நான்காம், ஐந்தாம், ஆறாம் பிரிவுகளை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. கெடுவுக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொண்டவர்கள் சுமார் ஐயாயிரம் பேர். அந்த நாளில் புதுச்சேரி மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்.

நான் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். 1989இல் புதுவையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது தொண்டராகப் போனேன், பிறகு தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பவளாக ஆனேன். அந்தப் பயிற்சிகளில் திரும்பத் திரும்ப ஒரு குரல் எழும்: பெயர் எழுதவும் பஸ் போர்டு படிக்கவும் வருகிறவர்களுக்கு வெளிநாட்டு விவகாரமெல்லாம் எதற்கு, அதிலும் கட்சிக்காரர்களே அடித்துக்கொள்ளும் விஷயத்தை ஏன் பாயில் கொண்டுவந்து வைக்க வேண்டும்? கேட்டவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பதில் இந்த ஊரின் வரலாறுதான்.

புதுச்சேரிக்காரர்கள் எழுத்தறிவுக்கு முன்பே வெளியுறவுக்குள் தள்ளப்பட்டவர்கள். 1871இலிருந்து பிரெஞ்சிந்தியா பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பியது. வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு. சொத்து பார்க்கவில்லை, படிப்பு பார்க்கவில்லை. பக்கத்தில் கடலூரில் இருந்தவருக்கு அப்படி ஒரு உரிமை கனவிலும் இல்லை. 1935 சட்டத்துக்குப் பிறகும்கூட பிரிட்டிஷ் இந்தியாவில் ஓட்டு என்பது வரியும் சொத்தும் படிப்பும் பார்த்துக் கொடுக்கப்பட்டது. ஆக, வில்லியனூரில் ஏர் ஓட்டிய ஒருவரின் ஓட்டால் பாரிஸ் போன ஆள், வட வியட்நாமில் நடந்த தொங்கின் போருக்குப் பணம் ஒதுக்கலாமா என்று 1885இல் அந்த அவையில் நடந்த பெருஞ்சண்டையில் ஒரு கை தூக்கினார். ஏர் ஓட்டியவருக்குத் தொங்கின் எங்கே இருக்கிறது என்று தெரிய வழியில்லை. தேர்தலில் வென்று போனவர்கள் பலர் புதுச்சேரியைக் கண்ணால் பார்க்காத பிரான்சு நாட்டவர்கள். உள்ளூரில் அந்த ஓட்டுகளைத் திரட்டியவர் நாடு சண்முக வேலாயுத முதலியார். திரட்டிய விதத்தில் தடியும் இருந்தது, சாராயமும் இருந்தது, செத்தவர்கள் பெயரில் விழுந்த ஓட்டும் இருந்தது. உரிமை முதலில் வந்துவிட்டது. அந்த உரிமையைக் கொண்டு எதைத் தீர்மானிக்கிறோம் என்று சொல்லித்தர ஒரு ஏற்பாடும் வரவில்லை.

முதலில் அந்த வேலையைத் தொட்டவர்கள் பத்திரிகைக்காரர்கள். 1908இல் பாரதியார் சென்னையிலிருந்து இங்கே வந்தார். அவரோடு 'இந்தியா' வார இதழும் வந்தது. 1910 வரை புதுச்சேரியில் அச்சானது. துருக்கி, பாரசீகம், எகிப்து, ருஷியா என்று உலகச் செய்தியை அது தமிழில் கொட்டியது. அதன் கருத்துப்படங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படத்தை வழக்கமாக்கியது 'இந்தியா'தான். படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து விளக்கம் சொன்னால் போதும், படிக்கத் தெரியாத பத்துப் பேர் படத்தைப் பார்த்துத் தாங்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். முதியோர் கல்விக்குப் பாடநூல் தயாரித்த காலத்தில் நான் இதைப் பல தொண்டர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்: பேச்சுதான் முதலில் வரும், எழுத்து அதன் பின்னால் வரும்.

அடுத்து ஆலைத் தொழிலாளர்கள். வ. சுப்பையா 1934இல் 'சுதந்திரம்' இதழைத் தொடங்கினார். சவானா, ரோடியர், கப்ளே என்று மூன்று ஆலைகள். அந்தத் தொழிலாளர்களின் கூலியும் வேலை நேரமும்தான் இதழின் உயிர். 1936 மே மாதம் பிரான்சில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றது. ஜூன் மாதம் லியோன் பிளம் பிரதமரானார். அங்கே தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலை, கூலியோடு விடுமுறை எல்லாம் வந்தன. பாரிசில் கிடைப்பது அதே கொடியின் கீழே இருக்கும் முதலியார்பேட்டையில் ஏன் கிடைக்காது? இந்தக் கேள்வியோடு நின்றவர்கள் மீது ஜூலை 30ஆம் தேதி சவானா ஆலையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். 1937 ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கென்று தொழிலாளர் சட்டம் பிறந்தது, அதில் எட்டு மணி நேர வேலை இருந்தது. என் அப்பா பிற்காலத்தில் ஆலையில் வேலை பார்த்தவர். அவரோடு வேலை செய்த மூத்தவர்களுக்குத் தமிழ் எழுத்து முழுதாகத் தெரியாது, ஆனால் 'லியோன் புலூம்' என்ற பெயர் தெரியும். அது பள்ளிக்கூடம் கொடுத்த அறிவு கிடையாது. ஆலை வாசலில் கூட்டம் போட்டுப் பேசியவர்கள் கொடுத்தது.

இவ்வளவு பழகிய ஊருக்கு 1947இல் மிகப் பெரிய கேள்வி வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் போய்விட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் போகவில்லை. இந்தியாவோடு இணைவதா, சுயாட்சியோடு பிரெஞ்சு ஒன்றியத்தில் இருப்பதா? 1948 ஜூனில் இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: மக்களே வாக்கெடுப்பில் முடிவு செய்யட்டும். தன் மக்களின் சம்மதம் இல்லாமல் நிலத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 1946 பிரெஞ்சு அரசியல் சட்டத்திலும் விதி இருந்தது.

இன்று இந்தக் கதையைப் பள்ளியில் சொல்லும்போது ஒரு பக்கத்தைத் தியாகிகள் என்றும் மறுபக்கத்தைக் கைக்கூலிகள் என்றும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். அந்த நாளில் தெருவில் இருந்த வாதங்களை நான் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வளர்ந்தவள். பிரான்சோடு இருக்கலாம் என்றவர்களுக்கும் காரணங்கள் இருந்தன. சொல்தாக்களின் ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வந்தது. பிரெஞ்சுச் சட்டத்தின் முன் சாதி சொல்லாமல் நின்று பழகிய ஒடுக்கப்பட்ட குடும்பங்கள், சேரிக்கும் ஊருக்கும் இடையே சென்னை மாகாணத்தில் நடப்பதைப் பார்த்துப் பயந்தன. பிரெஞ்சு படித்து உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தங்கள் படிப்பு என்னாகும் என்ற கவலை. இணைய வேண்டும் என்றவர்களின் காரணங்கள் வயிற்றிலும் இருந்தன, மானத்திலும் இருந்தன. புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. பாகூருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் போக இந்திய மண்ணைத் தாண்ட வேண்டும். 1949இல் இந்தியா சுங்கக் கட்டுப்பாட்டை இறுக்கியபோது வயல் ஒரு நாட்டிலும் களம் ஒரு நாட்டிலும் இருந்தவர்கள் தவித்துப் போனார்கள். மொழி ஒன்று, கொள்வினை கொடுப்பினை ஒன்று, நடுவில் எதற்கு ஒரு சாவடி?

கட்சிகளின் நிலையும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. எதுவார் குபேர் தலைமையில் பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுகள் பிரான்சின் பக்கம் நின்றார்கள். 1954 மார்ச்சில் அதே குபேர் இணைப்பு வேண்டும் என்று மாறினார். பாரிஸ் அவையில் பிரெஞ்சிந்தியாவின் உறுப்பினராக இருந்த லம்பேர் சரவணனும் முதலில் ஒன்றியத்துக்குள் சுயாட்சி என்றவர், பிறகு இணைப்பின் பக்கம் வந்தார். கம்யூனிஸ்டுகள் 1948இல் நேரு அரசோடு உடனடியாக இணைவதை எதிர்த்து, பின்னர் இணைப்புப் போராட்டத்தின் முன்வரிசைக்கு வந்தார்கள். 1950 ஜனவரியில் அவர்களின் தலைவர் சுப்பையாவின் வீடு தீக்கிரையானது. பேச்சுக்குப் பதில் கம்பும் தீயும் புழங்கிய ஊரில், 1951இல் வந்த நடுநிலைப் பார்வையாளர்கள் சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்ற சூழல் இங்கே இல்லை என்றார்கள்.

வங்காளத்தில் இருந்த பிரெஞ்சு ஊரான சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று வாக்கெடுப்பு நடந்தது. 7,400 பேருக்கு மேல் இந்தியாவுக்கு ஓட்டுப் போட்டார்கள். பிரெஞ்சு ஒன்றியத்துக்கு விழுந்தவை 114. புதுச்சேரியில் அப்படி ஒரு நாள் வரவே இல்லை. 1954 மே 7 அன்று வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் அரணான தியன் பியன் பூ வீழ்ந்தது. ஜூனில் பிரான்சில் மெந்தேஸ் பிரான்ஸ் பிரதமரானார். ஆசியாவில் இருந்த கணக்கை முடிக்கும் முடிவு பாரிசில் எடுக்கப்பட்டது. அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் ஒரு கொட்டகையில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவின் கையில்.

இணைப்பு சரியானது என்பதில் எனக்கு ஓர் ஐயமும் இல்லை. சந்திரநாகூர் போல இங்கும் கேட்டிருந்தால் பெரும்பாலோர் அதையே சொல்லியிருப்பார்கள் என்றும் நம்புகிறேன். ஆனால் கேட்கப்படவில்லை என்பது வேறு விஷயம், அதற்கு ஒரு விலை இருக்கிறது. கேட்கப்படும் மக்களுக்கு யாராவது இரண்டு பக்கத்தையும் விளக்கியாக வேண்டும். தெருத் தெருவாகப் போய், ஒப்பந்தம் என்றால் என்ன, குடியுரிமை என்றால் என்ன, ஓய்வூதியம் என்னாகும் என்று பேசியாக வேண்டும். 178 பேர் ஓட்டுப் போட்டால் அந்த வேலைக்கு அவசியமே இல்லை. 1954இல் செய்யாமல் விட்ட அந்த விளக்கம்தான் 1962இல் என் தாத்தாவின் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை.

நடுவில் எட்டு வருடம் ஏன் ஆயிற்று என்பதும் வெளியுறவுதான். 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்கவில்லை. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. புதுச்சேரியை விட்டுக்கொடுத்தால் அல்ஜீரியாவுக்கு அது முன்னுதாரணம் ஆகிவிடும் என்று அங்கே அஞ்சினார்கள். 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே மாதம் புதுச்சேரி ஒப்பந்தமும் நிறைவேறியது. இன்றும் இந்த ஊரில் நவம்பர் 1ஆம் தேதியும் கொண்டாட்டம், ஆகஸ்ட் 16ஆம் தேதியும் கொண்டாட்டம். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே கிடப்பது அல்ஜீரியா என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்?

அறிவொளிக்கு வருகிறேன். 1988 மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவு என்றால் எழுத்தும் எண்ணும் மட்டும் போதாது என்று அதன் ஆவணமே சொன்னது. ஏழ்மைக்குக் காரணம் புரிய வேண்டும், தேச ஒற்றுமை, சுற்றுச்சூழல், பெண் சமத்துவம், சிறு குடும்பம் ஆகியவற்றை மனத்தில் பதிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். உலகத்தோடு நம் நாடு எப்படி நடந்துகொள்கிறது என்பது அந்த வரிசையில் இல்லை. புதுவை அறிவியல் இயக்கம் முன்னின்று நடத்திய அறிவொளி அந்த வரிசையைத் தாண்டிப் போனது என்றால், அதற்குக் காரணம் திட்டம் கிடையாது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் கேட்ட கேள்விகள்தான்.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த இந்தியர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விமானங்களில் திரும்பி வந்தார்கள். பெட்ரோல், டீசல் விலை ஏறியது. நான் போய்வந்த வம்பாக்கீரப்பாளையத்து அறிவொளி மையத்தில் மீன் விற்கும் பெண்கள் அதிகம். வீட்டு ஆண்கள் விசைப்படகுக்கு டீசல் வாங்கிய கடன் அவர்கள் தலையில்தான் விடியும். ஒரு நாள் பாடம் 'எண்ணெய்' என்ற சொல்லில் நின்றது. ஒரு பெண் கேட்டார்: "டீச்சரம்மா, எங்கியோ ரெண்டு ராஜா அடிச்சுக்கிறான். எங்க ஊட்டுக்காரு படகு ஏன் கரையில கெடக்குது?" அந்தக் கேள்விக்குப் பிறகு பாடநூலை மூடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

1991 ஜனவரியில் அமெரிக்க ராணுவ விமானங்கள் இந்திய விமான நிலையங்களில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதி கொடுத்தது. நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. அந்த அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த ராஜீவ் காந்தி எதிர்த்தார். பிப்ரவரியில் அனுமதி நின்றது. மையத்தில் இதை எப்படி வைப்பது? நான் இரண்டு தாள் எழுதிக்கொண்டு போனேன், பெரிய எழுத்தில், ஒவ்வொன்றிலும் ஆறேழு வரி. ஒரு தாளில்: அந்நியச் செலாவணி தீர்ந்து போகிறது, உலக நிதி அமைப்புகளின் கடன் வேண்டும், அதற்கு அமெரிக்காவின் தயவு வேண்டும், ஈராக் செய்ததும் ஆக்கிரமிப்புதான், ஐ.நா.வே கண்டித்திருக்கிறது. இன்னொன்றில்: எந்தப் படைக்கூட்டிலும் சேர மாட்டோம் என்று சொல்லி வந்த நாடு, இன்னொரு நாட்டின் மேல் குண்டு போடப் போகும் விமானத்துக்கு எண்ணெய் ஊற்றலாமா, நம் ஆட்கள் இன்னும் அந்தப் பக்கத்து நாடுகளில் இருக்கிறார்களே. எழுத்துக் கூட்டிப் படிக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. பிறகு வழக்கம்போல ஆளுக்கொரு பக்கம் எடுத்துப் பேசச் சொல்லவில்லை. நீங்கள் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்த் தாளை எடுத்துக்கொண்டு பேசுங்கள் என்றேன்.

அங்கே நடந்தது எனக்குப் பெரிய பாடம். எண்ணெய் கொடுக்கக் கூடாது என்று கொதித்த ஒரு பெரியம்மா, எதிர்த் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கடனுக்காக ஒருவரிடம் கை நீட்டி நிற்பவளின் நிலையைத் தன் கந்துவட்டிக் கதையிலிருந்து எடுத்துச் சொன்னார். மையமே அமைதியாகக் கேட்டது. முடித்துவிட்டு, "ஆனாலும் நான் குடுக்க மாட்டேன்" என்றார். அவர் கருத்து மாறவில்லை. மாற வேண்டும் என்பதும் என் நோக்கம் கிடையாது. எதிராளியின் காரணத்தை அவன் சொல்வதைவிடத் தெளிவாகச் சொல்ல அவருக்கு வந்துவிட்டது. முதியோர் கல்வியில் அதைவிடப் பெரிய தேர்ச்சி எதுவும் எனக்குத் தெரியாது.

உலகில் இந்த வழியில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ஜான்ஸ் தீவு என்று ஓர் இடம். அங்கே அப்போது கறுப்பின மக்கள் ஓட்டாளராகப் பதிவு செய்ய எழுத்தறிவுத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 1957 ஜனவரியில் பெர்னிஸ் ராபின்சன் என்ற பெண் அங்கே பெரியவர்களுக்கு வகுப்பு தொடங்கினார். அவர் பயிற்சி பெற்ற ஆசிரியை இல்லை, அழகு நிலையம் வைத்திருந்தவர். குழந்தைகளுக்கான பாடநூலைப் பெரியவர்கள் முன் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று அவருக்குப் பட்டது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் மாட்டினார். வகுப்பு முடிவதற்குள் இதை நீங்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்றார். அந்த வகுப்பிலிருந்து பரவிய குடியுரிமைப் பள்ளிகளில் படித்து ஓட்டாளர் ஆனவர்கள் ஆயிரக்கணக்கில். எழுத்துக் கூட்டுகிறவருக்குச் சின்ன விஷயம்தான் புரியும் என்று நினைக்கும் நம் தொண்டர்களுக்கு இந்தப் பெண்ணின் கதையை நான் விடாமல் சொல்லிவருகிறேன்.

எல்லா விவாதமும் எண்ணெய் விவாதம் போல நடந்துவிடாது. இலங்கைப் பிரச்சினை எங்கள் மையங்களில் கனன்று கொண்டிருந்தது. இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் திரும்பியது. அனுப்பியது சரியா, திருப்பி அழைத்தது சரியா, அங்கே நடந்தது என்ன என்று கேட்டால் அண்ணனும் தம்பியும் முகம் திருப்பிக்கொள்ளும் நிலை. கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுக்கு வந்துகொண்டிருந்தபோது 1991 மே 21 வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. போலீஸ் பயம் ஒரு காரணம், துக்கம் ஒரு காரணம், ஒருவர் மனத்தை ஒருவர் அறியாத சந்தேகம் இன்னொரு காரணம். அந்த மௌனம் பல வருடம் நீடித்தது. தமிழர்களின் உயிரோடு ஒட்டிய வெளியுறவுக் கேள்வியைத் தமிழ் முதியோர் கல்வி அந்த வருடங்களில் தொடாமலே விட்டது. மக்கள் அதை மேடைப் பேச்சிலிருந்தும் சுவரொட்டியிலிருந்தும் மட்டும் கற்றார்கள். அங்கே எதிர்த் தாள் என்று ஒன்று கிடையாது.

1991 கணக்கெடுப்பில் புதுவையின் எழுத்தறிவு விகிதம் 75 சதவீதத்தை நெருங்கியிருந்தது. அதன் பிறகு தொடர்கல்வி என்ற பெயரில் நடந்த வேலை மெல்ல மெல்லச் சுருங்கியது. இப்போது 2022 முதல் 2027 வரைக்குமான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. பணப் பரிமாற்றம், செல்போன் பயன்பாடு, சட்டம், உடல்நலம் என்று வாழ்க்கைத் திறன்களின் பட்டியல் அதில் நீளம். எல்லாமே தேவைதான். 1988இல் விடுபட்டது இதிலும் விடுபட்டிருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

காரைக்காலுக்குப் போகும்போதெல்லாம் அந்த விடுபடல் உறைக்கும். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் கச்சத்தீவு என்பது யாருக்கும் வெளியுறவு இல்லை. பிடிபட்ட படகு, யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும் மகன். சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு வாசிப்பு வட்டத்துக்கு கச்சத்தீவு பற்றிய 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் ஐந்தாம், ஆறாம் பிரிவுகளையும் 1976 மார்ச் 23ஆம் தேதியிட்ட கடிதத்தையும் எளிய தமிழில் எழுதிக்கொண்டு போனோம். 285 ஏக்கர் தீவு. ஐந்தாம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. ஆறாம் பிரிவு இரு நாட்டுக் கலங்களும் ஒன்றின் கடலில் மற்றொன்று வழிவழியாக அனுபவித்த உரிமைகள் தொடரும் என்கிறது. 1976 கடிதம் எந்த நாட்டுப் படகும் மற்ற நாட்டின் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. கடிதம் வந்தது நெருக்கடி நிலைக் காலத்தில், சென்னையில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மூன்று தாளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது கூட்டத்தில் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஐந்தாம் பிரிவில் வலை காயப்போடும் உரிமை மட்டும்தான் இருக்கிறதா, வலை வீசும் உரிமையும் இருக்கிறதா என்று இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடினார்கள். சட்ட அறிஞர்கள் வாதாடுவதும் அதே கேள்வியைத்தான்.

அன்று பேச்சு முடியும் நேரத்தில், கணவர் இருமுறை பிடிபட்டுத் திரும்பிய ஒரு பெண் எழுந்தார். வயது நாற்பதுக்குள் இருக்கும். "அந்தக் கரையில இருக்கறவனும் தமிழன்தானேக்கா. நம்ம இழுவைப் படகு அவன் வலைய அறுத்துட்டுப் போவுதுன்னு சொல்றானாம். அவன் எழுதுனது எதுனா இருந்தா கொண்டாங்களேன், அதையும் படிச்சுடுவோம்" என்றார். இரண்டு மூன்று ஆண்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. இறுதியில் படிக்கலாம் என்றே முடிவாயிற்று.

அடுத்த கூட்டத்துக்கு நான் மன்னார், யாழ்ப்பாணத்து மீனவர்கள் தமிழ்ப் பத்திரிகைகளிடம் சொன்னவற்றைத் தொகுத்து எடுத்துப் போனேன். போர் முடிந்து 2009க்குப் பிறகுதான் அவர்கள் மறுபடி கடலுக்குள் போக முடிந்தது. போனபோது அங்கே இழுவைமடிப் படகுகள் நின்றன. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலையே சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்தத் தாளைப் படித்தவர் போன கூட்டத்தில் எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர், சொந்தமாக இழுவைப் படகு வைத்திருந்தவர். நடுவில் இரண்டு இடத்தில் நின்று, நின்ற வரியை மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, இழுவையை விட்டால் ஆழ்கடலுக்குப் போக எவ்வளவு கடன் வேண்டும், அதை எந்த அரசு கொடுக்கும் என்று அவரே கணக்குப் போட ஆரம்பித்தார். மற்றவர்கள் அந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டார்கள்.